பெல்ட் பாத்தியும் ஒன்றரை லிட்டர் தண்ணீரும்

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஸ்கூட்டியை நிறுத்தியவள், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராகக் கத்தரிச் செடியிடம்தான் போனேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. காலையில் ஊற்றிய தண்ணீரை அதற்குள் குடித்து முடித்துவிட்டதா, பாவி? இலையைத் தொட்டால் நனைந்த துணி மாதிரி துவண்டது. ஓரமெல்லாம் மஞ்சள்.

குழாயடியில் கிடந்த மக்கை எடுத்தேன். ஒரு மக், இரண்டு மக், மூன்று மக். தண்ணீர் மண்மேல் நின்று, யோசித்து யோசித்து இறங்கியது.

"குடி. குடிச்சுத் தொலை" என்று அதட்டினேன்.

பலா மர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "செடியப் போய்த் திட்டுறியே ராஜி. ஆபீஸ்ல யாரும் மாட்டலையா?" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

காரணம் இருந்தது. அந்தச் செடியிடம் நான் ஒரு காரியத்தை ஒப்படைத்திருந்தேன். இந்தக் கத்தரி பூத்துக் காய்த்துவிட்டால் இவர் பிழைத்துக்கொள்வார். அவ்வளவுதான் வேண்டுதல். யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சை நாளில் பூனை குறுக்கே வந்தது என்று நிற்கும் பிள்ளைகளை "போடா, பூனைக்கு வேற வேலை இல்லையா" என்று விரட்டுகிற பள்ளிக்கூடக் கிளார்க் நான். அந்த நான்தான் ஒரு கத்தரிச் செடியின் காலில் விழுந்து கிடந்தேன்.

போன வாரம் எழுதியதை, பைபாஸ் ஆபரேஷன் முடிந்து இவரை நெய்வேலிக்கு அழைத்து வந்ததோடு நிறுத்தியிருந்தேன். அதற்கு அடுத்து வந்த நாட்களை எழுத இப்போதும் கை கூசுகிறது. அதில் தப்பு செய்தது வேறு யாருமில்லை, நாங்களேதான்.

குனியக் கூடாதவரின் தோட்டம்

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு பட்டியல் கொடுத்தார்கள். குனியக் கூடாது. எடை தூக்கக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். இதயம் இன்னும் பலவீனமாகத்தான் வேலை செய்கிறது, அதனால் தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடாது.

கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஒன்றரை லிட்டர் பாட்டிலைத் தினமும் காலையில் நிரப்பி இவர் தலைமாட்டில் வைப்பேன். சாயங்காலம் வந்ததும் முதலில் பாட்டிலைத்தான் பார்ப்பேன். காலியாக இருந்தால் நிம்மதி. மிச்சம் இருந்தால், "ஏங்க, இதைக்கூடக் குடிக்க முடியலையா?" என்று ஒரு பாட்டு.

என் கணவர் சண்முகம் சுரங்கத்தில் பெல்ட் செக்ஷன். மண்ணையும் நிலக்கரியையும் கிலோமீட்டர் கணக்கில் சுமந்து ஓடுகிற ரப்பர் பெல்ட் நைந்தால் வெட்டி இணைப்பது, ஓட்டை விழுந்தால் அடைப்பது இவர் வேலை. பெல்ட் நின்றால் எல்லாம் நின்றது என்று அர்த்தம். மழையிலும் வெயிலிலும் நின்று வேலை பார்த்த மனுஷனை நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? கடிகாரத்தைப் பார்ப்பார். "இப்ப ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ் மெயின் ரோட்டுக்கு வந்திருக்கும்" என்பார். பேப்பரை மூன்று தடவை படிப்பார். நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொள்வார். பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

எங்கள் மகள் வித்யாதான் இந்த யோசனையைச் சொன்னாள். அனல்மின் நிலையத்தில் தண்ணீர் சோதிக்கும் லேபில் கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. ஷிஃப்ட் முடிந்து வந்தவள் போனை நீட்டினாள்.

"அப்பா, இதப் பாருங்க. இடுப்பு உயரத்துக்குப் பாத்தி. குனியவே வேண்டாம். நின்னுக்கிட்டே கத்தரிக்கா பறிக்கலாம்."

குவார்ட்டர்ஸ் பின்புறம் எங்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே முருங்கையும் பலாவும் தானாக வளர்ந்ததே தவிர, நாங்கள் ஒரு மிளகாய்ச் செடி வைத்ததில்லை. வாழ்நாளெல்லாம் மண்ணை அள்ளி அனுப்பிய இடத்தில் வேலை பார்த்தவருக்கு அதில் ஒரு விதை போடத் தெரியாது. இருந்தாலும் போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்த முகத்தில் ஒரு வேலைக் களை தெரிந்தது.

ஒரு சொட்டு ஒழுகவில்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவருடைய செக்ஷன் நண்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஹாலோ பிளாக் கல்லை இடுப்பு உயரத்துக்கு இரண்டு வரிசையாக அடுக்கினார்கள். பண்ருட்டி ரோட்டில் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கிய பெல்ட் துண்டு ஒன்றை அதன்மேல் தொட்டி மாதிரி மடித்து, மூலைகளைப் போல்ட் போட்டு இறுக்கினார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த மடிப்பு சரியில்ல, பிரிச்சுத் திரும்பப் போடு" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் அந்தத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிச் சோதித்தார்கள். காபி குடித்து முடிக்கிறவரை காத்திருந்து, அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்கள்.

"அண்ணி, வந்து பாருங்க! ஒரு சொட்டு ஒழுகல!"

எல்லாரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அஞ்சலை மட்டும் தட்டவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி. பிறந்தது காடாம்புலியூர், அப்பாவுக்கு முந்திரிக்காடு உண்டு. எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணா, அடியில ஓட்ட போடலீங்களா?" என்றாள்.

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பெல்ட்டுல ஓட்டையா? சர்வீஸ் பூரா ஓட்டைய அடைச்சவன்மா நான். என் கையால ஓட்ட போடச் சொல்றியா?"

நண்பர்கள் சிரித்தார்கள். அஞ்சலை, "உங்க இஷ்டங்க" என்று துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பேச்சு அதோடு முடிந்தது. அன்றைக்கு அவளை நிறுத்தி ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

செம்மண்ணும் தொழுவுரமும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்பினோம். நர்சரியில் வாங்கிய நான்கு கத்தரி நாற்று நடுவில், ஓரத்தில் மிளகாய், மிச்ச இடத்தில் சிறுகீரை விதை. நாலாம் நாள் கீரை பச்சைப் புள்ளிகளாக எட்டிப் பார்த்தபோது இவர் என்னைக் கூப்பிட்ட குரல் இருக்கிறதே, வித்யா பிறந்தபோதுகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஆளுக்கு ஒரு ஷிஃப்ட்

இங்கே என் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அருப்புக்கோட்டைப் பக்கம். நாலு குடம் தண்ணீருக்கு விடிவதற்கு முன்னால் வரிசை போட்ட ஊர். எங்கள் வீட்டில் கோபத்தில் தட்டை எறிந்தவர்கள் உண்டு, சொம்பை எறிந்தவர்கள் கிடையாது. யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்போம். நீட்டிய தண்ணீரை வேண்டாம் என்று சொன்னால் அது சண்டைக்கு அடையாளம். தண்ணீர் கொடுத்து எதுவும் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த புதிதில், குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். "மூடும்மா, அது ஓடிப் போயிடாது" என்று இவர் கிண்டல் செய்வார்.

அப்படிப்பட்டவள் காலையில் கிளம்புமுன் பாத்திக்கு ஐந்து மக் ஊற்றுவேன். ஒரு மாதம் போனதும் கத்தரி இலை மஞ்சளடிக்க ஆரம்பித்தது. கீரை அழுகிச் சாய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று ஏழு மக் ஆக்கினேன். சாயங்காலமும் ஊற்றினேன். ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போக வேண்டிய நாள் நெருங்க நெருங்க செடி வாடிக்கொண்டே போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீசில் அட்மிஷன் ரிஜிஸ்டரில் ஒரு பையனின் பெயரை இரண்டு தடவை எழுதிவிட்டுத் திட்டு வாங்கினேன்.

வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட நாள் அந்த மாதத்தில் நாலைந்து இருந்தால் அதிகம். ஒரு வாரம் நான் கிளம்பும்போது வித்யா தூங்குவாள், இன்னொரு வாரம் அவள் வரும்போது நான் இருக்க மாட்டேன். ஷிஃப்ட் வீடுகளில் இது பழகிப்போன விஷயம். ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

"விரல வுட்டுப் பாருங்க"

முதலில் சொன்ன அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். மூன்று மக் ஊற்றி, நாலாவதை மொண்டேன்.

"யக்கா! நிறுத்துங்கக்கா!"

அஞ்சலை வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "ஊத்திகினே இருக்கிறீங்களே, விரல வுட்டுப் பாத்தீங்களா ஒரு நாளாச்சும்?"

சொல்லிவிட்டுத் தானே நடுவிரலை மண்ணுக்குள் முழுசாக விட்டாள். எடுத்து மோந்தாள். என் மூக்கருகே நீட்டினாள். சாக்கடை நாற்றம்.

"செடி தண்ணிக்கு வாடலக்கா. தண்ணில மூச்சு முட்டி வாடுது. வேரு அழுவிப்போச்சுன்னா மேல தண்ணியே ஏறாது. பாக்கறதுக்குத் தாகம் மாரியே இருக்கும். நாம இன்னும் ஊத்துவோம்." ஒரு கத்தரியைப் பிடித்து இழுத்தாள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. வேர் பழுப்பாக, நூல் நூலாக உரிந்தது. "எங்க முந்திரிக்காட்டுல யாரு தண்ணி ஊத்துறா? எத்தினி பேரு ஊத்துறீங்கக்கா இதுக்கு?"

"நான் மட்டும்தான்" என்றேன்.

"நானும் ஊத்துறேனே" என்று பின்வாசலில் குரல். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்த வித்யா. "நீ மறந்திடுவேன்னு ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் ஒரு வாளி ஊத்துவேன்."

இரண்டு பேரும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தோம். இவர் திருட்டு முழி முழித்தார். "மத்தியானம் வெயில்ல ரொம்ப வாடுச்சு. சொம்புல கொஞ்சமாத்தான் ஊத்தினேன். சொன்னா எடை தூக்கினேன்னு சண்டைக்கு வருவே."

அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டாள். "மூணு ஷிஃப்ட்டும் ஓடியிருக்குது! இதுல அடியில ஓட்டையும் இல்ல!"

எல்லாரும் சிரித்துவிட்டோம். இவரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார்.

நாற்காலி பக்கத்தில், தரையில், காலி டம்ளர் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டு டம்ளர் இல்லை.

வலது கால்

"இது யாரோட டம்ளர்?"

"என்னோடதுதாங்க்கா. அண்ணனுக்கு தினோம் பதினோரு மணிக்கு மோர் குடுப்பேன். நீங்க இஸ்கூலுக்குப் போயிட்றீங்க, பாவம் தனியா கீறாரேன்னு."

"நான் இளநி குடுப்பேன்" என்றாள் வித்யா மெதுவாக.

நான் அவர் காலைப் பார்த்தேன். இடது கால் வீங்கித்தான் இருந்தது. அது தெரிந்த கதை. ஆபரேஷனுக்கு அந்தக் காலிலிருந்துதான் ரத்தக் குழாய் எடுத்தார்கள், கொஞ்ச நாளைக்கு வீக்கம் இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அதனால் காலைப் பற்றி நாங்கள் யாரும் கவலைப்படவே இல்லை.

வலது காலில் யாரும் கத்தி வைக்கவில்லை. ஆனால் அதிலும் செருப்பு வார் பள்ளம் போட்டிருந்தது.

தரையில் உட்கார்ந்து, அந்தக் காலின் எலும்புமேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்தேன். ஈர மண்ணில் வைத்த மாதிரி குழி அப்படியே நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது நிரம்பவில்லை.

"எத்தனை நாளா மூச்சு வாங்குது?"

காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"கேக்குறேன்ல!"

"ஒரு வாரமா. படுத்தா அடைக்குது. ரெண்டு தலைகாணி வச்சுக்கிட்டேன். சொன்னா நீ பயந்துருவே."

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அந்த மனுஷனை அடித்துவிடுவேன் போலிருந்தது, கட்டிப்பிடித்துக் கதறிவிடுவேன் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், "வித்யா, ஆட்டோ கூப்பிடு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தது இளவயது டாக்டரம்மா. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறார்?" என்றார்.

"ஒன்றரை லிட்டர். கரெக்டா அளந்து வைக்கிறேன் டாக்டர்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"காலையில கஞ்சி?"

"ஒரு சொம்பு."

"காபி? மோர்? இளநி? ரசம்?"

கேட்கக் கேட்க வித்யா போனில் கூட்டிக்கொண்டே வந்தாள். "அம்மா, மூணு லிட்டரத் தாண்டுது" என்றாள்.

"கஞ்சி தண்ணி இல்லையாம்மா? இளநி தண்ணி இல்லையா? எல்லாம் சேர்ந்தே ஒன்றரை லிட்டருக்கு மேல போகக் கூடாதுன்னுதானே சொன்னாங்க. அவ்வளவும் குடிச்சே ஆகணும்னு யார் சொன்னா?"

நான்தான் சொன்னேன். தினமும் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துச் சண்டை போட்டது நான்தான். "நீங்க ஆளாளுக்கு ஆசையாக் கொண்டாந்து நீட்டுறீங்க. எப்படி வேண்டாங்கறது?" என்றார் இவர், படுக்கையிலிருந்து. ஊற்றுகிறவர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது. குடிக்கிறவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் மறுக்கத் தெரியாது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. இத்தனை வருஷமாக அதன் கீழேதான் ஸ்கூட்டியை நிறுத்துகிறேன்.

பத்து ஓட்டைகள்

நீர் பிரிய ஊசி போட்டு, தினமும் காலையில் எடை பார்த்தார்கள். எடை இறங்க இறங்கத்தான் எனக்கு உயிர் வந்தது. இரண்டாம் நாள் ஒரு தலையணையில் படுத்தார். அன்றைக்கு அவரிடம் என் வேண்டுதலைச் சொன்னேன், கத்தரி காய்த்தால் நீங்கள் பிழைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன் என்று.

"அடிப்பாவி. அழுகின செடியை நம்பியா என்னை விட்டிருந்தே?"

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ஆட்டோவிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குள் போகவில்லை. சாக்பீஸ் கேட்டார். பாத்தியின் அடிப்பக்கம் விளிம்போரமாக வட்டம் வட்டமாகக் குறி போட்டார். "வித்யா, டிரில்ல எடுத்துட்டு வா."

முதல் ஓட்டை விழும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கறுப்புத் தண்ணீர் நூலாகப் பீச்சியது, அப்புறம் கொட்டியது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். பத்து ஓட்டை போட்டதும், "போதும்" என்றார். அன்று பூராவும் அது சொட்டிக்கொண்டே இருந்தது. கத்தரியில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

வித்யா ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள். "எங்க பிளான்ட்ல ஒரு வால்வைத் திறந்தாக்கூட லாக்புக்ல எழுதி, அடுத்த ஷிஃப்ட்டுக்குச் சொல்லிட்டுத்தான் வெளிய வருவோம். அப்பாவும் சர்வீஸ் பூரா அப்படித்தான். வீட்ல மட்டும் யாரும் சார்ஜ் ஒப்படைக்கலம்மா." ஒரு பக்கத்தில் அப்பா, எதிர்ப் பக்கத்தில் பாத்தி. நேரம், என்ன, எவ்வளவு, யார். அஞ்சலையும் வந்து எழுத வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இப்போது நான் முதலில் பார்ப்பது அந்த நோட்டைத்தான்.

அவர் திரும்பி வந்து ஒரு வாரம் இருக்கும். அன்றைய பக்கத்தில் இவருடைய கோணல் எழுத்து இருந்தது.

'காபி அரை டம்ளர். மோர் அஞ்சலை கொண்டு வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். பாத்தி, விரல் விட்டுப் பார்த்தேன், ஈரம் உண்டு, ஊற்றவில்லை. மீதி ஒரு டம்ளர். ராஜி வந்து கொடுக்கட்டும்.'

ஒரு டம்ளர் அளந்து எடுத்துக்கொண்டு போனேன். பலா மர நிழலில் உட்கார்ந்திருந்தார். வாங்கிப் பாதி குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அவர் வலது காலைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். எடுத்தேன். குழி இல்லை.

"இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன, விடேன் காலை."

விடாமல் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன்.